வண்டி வராத நேரத்து வலி

அவளை அந்தச் சலவைக்கூடத்தில் எல்லோரும் மணிக்கூண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தமென்றால் அப்படியொரு பொருத்தம். சுவரில் கடிகாரம் இருக்கத்தான் செய்தது. எந்நேரமும் நீராவி மண்டிக் கிடக்கிற இடத்தில் அதன் முள்ளை யார் கண்டார்கள்? டீக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று தெரிய வேண்டுமானால் இவளைத்தான் கேட்பார்கள். "ரெண்டு வண்டி" என்பாள். இரண்டாவது வண்டி காலியாகவும் மணி அடிக்கவும் சரியாக இருக்கும்.

வண்டி என்பது ஈரத்துணி சுமந்து வரும் தள்ளுவண்டி. ஆஸ்பத்திரிகளிலும் விடுதிகளிலும் இருந்து வருகிற படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்து, வண்டிக்கு நாற்பதாக அடுக்கி அனுப்புவார்கள். உள்ளே நீராவி ஓடும் பெரிய இரும்பு உருளை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி விரிப்பை எடுக்க வேண்டும், இருவருமாக இரண்டு முனையைப் பிடித்து உதற வேண்டும், உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு எண்ணுவதற்குள் இது முடிய வேண்டும். முந்தினால் துணிமேல் துணி ஏறி மடிப்பு விழும். பிந்தினால் உருளை வெறுமனே சுற்றிச் சூடேறும். ஒரு விரிப்புக்குப் பன்னிரண்டு விநாடி, நாற்பது விரிப்புக்கு எட்டு நிமிடம், ஒரு வண்டி. ஒன்பது வருடம் இதையே எண்ணியவளுக்கு எண்ணிக்கை வாயை விட்டு உடம்புக்குள் போய்விட்டது. பல் தேய்த்தாலும் பன்னிரண்டு, படியேறினாலும் பன்னிரண்டு.

வண்டியில் ஒரு கஷ்டம் உண்டு. அது ஆழமான வண்டி. மேல் துணிகளை நின்றபடி எடுக்கலாம். அடியில் கிடக்கிற ஐந்தாறு விரிப்புக்கு இடுப்பை மடித்து, தலையை உள்ளே விட்டு, ஈரக்கனத்தைத் தூக்க வேண்டும். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடுப்புக்கு ஓர் அடி. அந்தக் கூடத்தில் இடுப்பு வலிக்காத பெண் என்று ஒருத்தியைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அவள் ஆறு மாத கர்ப்பிணியாக இருந்தபோது, ஒரு நாள் காலையில் இடுப்பு வலித்தது. வண்டி காலியாகிற சமயத்தில் வந்தது, அடுத்த வண்டி வந்து நின்றதும் விட்டது. மறுபடி அந்த வண்டி காலியாகும்போது வந்தது. குனிகிறோம், வலிக்கிறது, நிமிர்கிறோம், விடுகிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அன்று திரும்பத் திரும்ப வந்தது ஏழாம் நம்பர் வண்டி. அதன் முன்சக்கரம் ஒன்று கீச்சுக் கீச்சென்று கத்தும். "இந்த ஏழாம் நம்பர்தான் என் இடுப்பை ஒடிக்குது" என்று விரிப்பின் மறுமுனையைப் பிடித்து நின்ற ஜோடியக்காவிடம் சொல்லிச் சிரித்தாள். ஜோடியக்கா இவளுக்கு மூத்தவள், எப்போதும் இவளோடு ஜோடி சேர்ந்து நிற்பதால் அந்தப் பெயர். அவளும் சிரித்தாள். சக்கரத்துக்கு எண்ணெய் விடச் சொல்லி சூப்பர்வைசரிடம் வேறு சண்டை பிடித்தார்கள்.

சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது. பெண் குழந்தை. அழவில்லை. இவள் மயக்கத்தில் கிடந்தாள். கண் திறந்து கேட்டபோது, யாரும் பார்க்க வேண்டாம் என்று முடிவெடுத்துக் குழந்தையைக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள். அந்த வலிதான் பிரசவ வலி என்று டாக்டர் சொன்னார். காலையிலிருந்து எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை வந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் நேரம் சொல்கிற மணிக்கூண்டு, தன் வயிற்றில் அடித்த மணியை வண்டிக் கணக்கில் எழுதிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளை விடாமல் அரித்தது ஒரே ஒரு நினைப்பு. அன்றைக்கு ஒரே ஒரு வண்டி தாமதமாக வந்திருந்தால் போதும். வண்டி வராமல் வலி மட்டும் வந்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு வண்டி. அந்தப் பாழாய்ப்போன கூடத்தில் அன்றைக்கென்று எல்லா வண்டியும் நேரத்துக்கு வந்து தொலைந்தன.

மறுபடி நாள் தள்ளிப்போனபோது வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். மாமியார் ஒரு நிபந்தனை போட்டாள். வேறு மருத்துவமனைக்குப் போக வேண்டும், புது அட்டை போட வேண்டும், எத்தனையாவது பிள்ளை என்று கேட்டால் முதல் என்று சொல்ல வேண்டும். போனதைப் பேசினால் இருப்பதற்கும் ஆகாது என்பது அவள் வாதம். கணவன் பஸ் ஓட்டுகிறவன். வீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவில் அவன் எப்போதும் பிரேக்கில்தான் கால் வைத்திருப்பான். "அம்மா சொல்றபடி செஞ்சிடு, ஒரு வார்த்தைதானே" என்றான். அட்டையில் முந்தைய பிரசவம் என்ற இடத்தில் ஒரு கோடு போடப்பட்டது.

ஐந்தாம் மாதத்தில் வலி வந்தது. இது வேறு மாதிரி வலி. இடது புட்டத்தில் ஆணி அடித்தாற்போல் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, முழங்காலைக் கடந்து குதிகால் வரைக்கும் சுரீரென்று ஓடியது. கட்டிலில் புரண்டால் ஓடும். உடுப்பு மாட்ட ஒற்றைக் காலில் நின்றால் ஓடும். தும்மினால் கேட்கவே வேண்டாம். வலியைவிட அதன் கூடவே வந்த இன்னொன்றுதான் அவளைக் கொன்றது. வலி ஓடும்போதெல்லாம் காதில் கீச்சுக் கீச்சென்று சக்கரம் கேட்டது. மத்தியான வெயிலில், தன் வீட்டு அறையில், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது கேட்டது. ஏழாம் நம்பர் வண்டியின் அச்சு முறிந்து அதைப் பின்கட்டுக் குப்பையில் போட்டு ஒரு வருடமாகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சரி, காதுக்கு?

அலறி அடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார்கள்; குதிரை ஓடுகிற மாதிரி ஓடியது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, இது காலுக்குப் போகிற நரம்பு, சயாட்டிகா, கர்ப்பத்தில் சிலருக்கு வரும் என்று சொல்லி பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள்.

அங்கே இருந்தவள் கறார் பேர்வழி. நடக்கச் சொன்னாள், உட்காரச் சொன்னாள், எழுந்திருக்கச் சொன்னாள், எல்லாவற்றையும் தப்பாகச் செய்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். படுக்கையிலிருந்து எழும்போது மல்லாந்தபடி எழக்கூடாது. முழங்காலை மடக்கி, உடம்பு மொத்தமும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைக்க வேண்டும், வயிற்றுக்கு அடியில் இன்னொரு சின்னத் தலையணை. உடுப்பு மாட்டுவதானால் உட்கார்ந்து மாட்ட வேண்டும். கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி, பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி முதுகை மெல்ல வளைத்து விட வேண்டும். வேலையில் நிற்கும்போது ஒரு காலைச் சின்னப் பலகைமேல் வைத்து மாற்றி மாற்றி நிற்க வேண்டும். இடுப்பை முறுக்கக் கூடாது, குனிந்து தூக்கவே கூடாது. வெதுவெதுப்பான ஒத்தடம் இடுப்புக்குக் கொடுக்கலாம், வயிற்றில் வைக்கக் கூடாது. மாத்திரை எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் வாயில் போடக் கூடாது.

கடைசியாகத்தான் முக்கியமானதைச் சொன்னாள். "நரம்பு வலி நீங்க அசையறதுக்கு ஏத்த மாதிரி மாறும். நீங்க எப்படிப் படுத்தாலும் மாறாம, தானா வந்து தானா போய், மறுபடியும் நேரம் தப்பாம வந்துச்சுன்னா அது நரம்பு இல்லை. உடனே வந்துடணும். கால் மரத்துப்போனாலும், மூத்திரம் அடக்க முடியாமப் போனாலும் அப்படித்தான்." பிறகு அட்டையைப் புரட்டினாள். கோட்டைப் பார்த்தாள். முன்னால் குறைப்பிரசவம் எதுவும் ஆனதில்லையே, அதனால் வீணாகப் பயந்து சாக வேண்டாம் என்று சிரித்தாள்.

பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். இவள் அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஆனாலும் சொன்னதை எல்லாம் செய்தாள். சலவைக்கூடத்தில் ஜோடியக்கா சோப்புப் பெட்டிப் பலகையில் ஒரு கால்மனை தட்டிக் கொடுத்தாள். வண்டியின் அடித்துணியை இனி நீ தொடக்கூடாது, நான்தான் எடுப்பேன் என்று கட்டளையும் போட்டாள். அதற்காக ஒவ்வொரு வண்டி முடிவிலும் அவள் உருளையின் மறுமுனையிலிருந்து இந்தப் பக்கம் ஓடி வருவாள். பன்னிரண்டுக்குள் ஓடித் திரும்ப வேண்டும். அந்த மூச்சிரைப்பைக் கேட்கும்போது மணிக்கூண்டுக்குக் கண் கலங்கும். அழுதால் துணி பிந்தும் என்பதால் அழ மாட்டாள். வீட்டில் மாமியாரும் சும்மா இல்லை. பிள்ளை பெத்தவளுக்கெல்லாம் இடுப்பு வலிதான், நாங்கெல்லாம் பெறலையா என்று முணுமுணுத்துக்கொண்டே தினமும் வெந்நீர்ப் பையை நிரப்பி, துணி சுற்றி, முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவாள். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

வலி குறைந்ததா? குறையும், ஏறும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பொய்யில்லை. ஆனால் வலியின் சுபாவம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. எந்த அசைவுக்கு எங்கே குத்தும், எந்தப் பக்கம் சாய்ந்தால் விடும் என்று தெரிந்துபோயிற்று. பிடிபடாதது அந்தச் சக்கரச் சத்தம்தான். கணவனிடம் ஒருநாள் சொன்னாள். அவன் எழுந்துபோய் ஜன்னல் கொக்கி, கதவுக் கீல், மின்விசிறி எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டான். பாவம், அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அது.

எட்டாம் மாதம் பிறந்து நான்கு நாள். காலையில் வேலைக்குப் போனபோதே அடிமுதுகில் ஒரு கனம் இருந்தது. மூன்றாவது வண்டி காலியாகும்போது அது இறுகிப் பிடித்தது. நான்காவது வண்டி வந்ததும் விட்டது. அடுத்த வண்டி முடிவில் மறுபடி. இன்றைக்கு அவள் குனியவே இல்லை, அடித்துணியை எடுத்தது ஜோடியக்கா. அப்புறம் ஏன்? ஆனால் ஒன்பது வருடப் பழக்கம் லேசில் விடுமா? வண்டி மாறும்போது இவளும் கால்மனையில் கால் மாற்றுகிறாள் அல்லவா, அந்த அசைவில்தான் நரம்பு இழுக்கிறது என்று ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ஜோடியக்காவும் அதையே சொன்னாள். சூப்பர்வைசர், நரம்பு வலிதானே, டாக்டரே சொல்லியாச்சே என்றார். போனில் கணவனைப் பிடித்தாள். முதுகுவலியில் அவன் பெரிய மேதை, இருபது வருட டிரைவர் சீட்டு அனுபவம். நரம்பாகத்தான் இருக்கும், கொஞ்சம் உட்கார்ந்து பார் என்றான். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னாலும் எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள்.

பத்தரை மணிக்குப் பாய்லர் நின்றது.

முதலில் உருளையின் இரைச்சல் தணிந்தது. பிறகு நீராவிக் குழாய்கள் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கின. துவைக்கும் இயந்திரங்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஒன்பது வருடத்தில் வேலை நேரத்தில் அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. பெண்கள் அங்கங்கே உட்கார்ந்தார்கள். யாரோ சிரித்தார்கள். சரிசெய்ய ஒரு மணி நேரமாகும் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் கீழே இறங்கிப் போனான். ஜோடியக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு இவளை உட்காரவைத்து, முதுகுக்கு ஒரு துணி மூட்டையை அண்டக் கொடுத்து, இடது காலை எடுத்துக் கால்மனைமேல் வைத்தாள்.

இவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உடம்பு மட்டும் தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு. மறுபடி பன்னிரண்டு. நாற்பது விரிப்பு எண்ணி முடியும் இடத்தில், யாருமே நகராத அந்தக் கூடத்தின் மறுகோடியிலிருந்து, கீச்சுக் கீச்சென்று சக்கரம் உருண்டு வருகிற சத்தம் கேட்டது. அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். வண்டிகள் எல்லாம் சுவரோரமாக நின்றன. சத்தம் அவள் பக்கத்தில் வந்து நின்றது. அடிமுதுகு இறுகி, அந்த இறுக்கம் முன்னால் சுற்றி வந்து வயிறு கல்லாயிற்று. இடது கால் சும்மா கிடந்தது. அதில் ஒரு துளி வலி இல்லை.

"அக்கா, வண்டி வரலை" என்றாள்.

"எப்படிடி வரும், பாய்லர்தான் நின்னுடுச்சே."

"வண்டி வரலை. வலி வந்துடுச்சுக்கா."

ஜோடியக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த ஏழாம் நம்பர் வண்டி மறந்திருக்கவில்லை. அன்றைக்குச் சிரித்தோமே என்ற குற்றத்தை அவளும் இரண்டு வருடமாகச் சுமந்துகொண்டிருந்தாள், யாரிடமும் சொன்னதில்லை. இவளைக் கைத்தாங்கலாக எழுப்பி, சூப்பர்வைசரைக் கேட்காமலே டாக்சி பிடித்து ஏற்றினாள். டாக்சியில் இரண்டு முறை வந்தது. எட்டு நிமிடம், பிறகு ஏழு.

ஜோடியக்கா போனில் சொன்னதைக் கேட்டு, மருத்துவமனைக்கு மாமியார் முந்தி வந்து நின்றிருந்தாள், கையில் அட்டையோடு. பணியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். அன்று கூட்டம் தாங்கவில்லை. அட்டையைப் பார்த்தாள், ஐந்தாம் மாதத்திலிருந்து சயாட்டிகா என்று பெரிதாக எழுதியிருந்தது. கொஞ்சம் படுங்க, பார்க்கலாம் என்று அடுத்த கட்டிலைப் பார்த்துத் திரும்பினாள். போகிற போக்கில், இது முதல் பிள்ளைதானே என்று கேட்டாள்.

"ஆமாம்மா, முதல்தான்" என்றாள் மாமியார்.

"இல்லை" என்றாள் இவள். குரல் நடுங்கவில்லை, அவளுக்கே ஆச்சரியம். "இது ரெண்டாவது. முதல் பொண்ணு. ஆறாம் மாசத்துல போயிட்டா. அன்னைக்கும் இடுப்புலதான் ஆரம்பிச்சுது, எட்டு நிமிஷத்துக்கு ஒருதடவை. இப்பவும் அதேதான். இப்ப ஏழாயிடுச்சு."

டாக்டர் நின்றாள். அதற்குப் பிறகு எல்லாம் வேகவேகமாக நடந்தது. வயிற்றில் பட்டை கட்டி ஒரு இயந்திரத்தோடு இணைத்தார்கள். காகிதத்தில் மேடு மேடாகக் கோடு ஏறி இறங்கியது. கருப்பை வாய் திறக்கத் தொடங்கியிருந்தது. பிள்ளையின் நுரையீரல் தேற ஊசி போட்டார்கள், வலியைத் தள்ளிப்போட மருந்து ஏற்றினார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் கழித்து வந்திருந்தால் என்று தொடங்கிய நர்ஸ் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. இரண்டு நாள் பிடித்து நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் காலையில் பிறந்தது. பெண். ஒரு முழத் துணிக்குள் அடங்குகிற அளவு. அழுதாள், பூனைக்குட்டி மாதிரி, ஆனால் அழுதாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயும் வயருமாகப் படுத்திருந்த குழந்தையின் பக்கத்தில் இவளை உட்காரவைத்தார்கள். யாரோ காலுக்கு அடியில் ஒரு பலகை வைத்தார்கள். காலில் இன்னும் லேசாக இழுத்தது. அது கொஞ்ச நாளில் போய்விடும் என்றார்கள். சின்ன மார்பு ஏறி இறங்குவதை இவள் எண்ணிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டோடு நிற்க மனமில்லை, மேலே மேலே எண்ணினாள்.

மாமியார் வந்து பக்கத்தில் நின்றாள். மூன்று நாளாக இவளோடு பேசவில்லை. டாக்டர் முன்னால் தன்னைப் பொய்க்காரியாக்கிவிட்டாளே என்ற கோபம் என்றுதான் இவள் நினைத்திருந்தாள். மாமியார் கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே வெகுநேரம் பார்த்தாள்.

"அவளுக்கும் வலது காது இப்படித்தான் மேல மடிஞ்சிருந்துச்சு" என்றாள்.

மணிக்கூண்டு எண்ணுவதை நிறுத்தினாள். இரண்டு வருடமாக, அந்தக் குழந்தையை யாருமே பார்க்கவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் வாங்கினேன். என் கையிலதான் குடுத்தாங்க. துணி சுத்தினது நான்தான்." மாமியார் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "உன்கிட்ட காட்டினா நீ தாங்க மாட்டேன்னு நினைச்சேம்மா. அப்புறம் பேச்சை எடுத்தா நான் தாங்க மாட்டேன்னு ஆயிடுச்சு."

வெளியே வராந்தாவில் ஏதோ வண்டி கீச்சிட்டுக்கொண்டு போயிற்று. அது நிஜ வண்டிதானா என்று இவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை நீட்டி மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"முடி இருந்துச்சா அத்தை?"

"நிறைய."

"சொல்லுங்க" என்றாள் இவள். "எல்லாத்தையும் சொல்லுங்க."